தலை முன்னால் கட்டிய மரம்

போன மாதம் நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததே, ஞாபகம் இருக்கும். நம்மில் ஒருத்தியின் மகன் வெளிநாட்டில் காரின் கூரைமேல் கிறிஸ்துமஸ் மரத்தை வைத்துக் கட்டிவிட்டு, பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய படம். பூ, கைத்தட்டல், சிரிப்பு என்று எல்லோரும் போட்டுத் தள்ளினீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "ஏன்டி, பொறாமையா?" என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். பொறாமைதான். அந்தப் பையன் மரத்தின் அடிப்பக்கத்தை முன்னால் வைத்து, நுனி பின்னால் போகும்படி ஒழுங்காகக் கட்டியிருந்தான். அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலிக்கு எண்ணெய் போட்டுவிட்டுச் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மலைமேல் செண்பகனூரில் எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். சாலைக்குக் கீழே, தகரக் கூரை, மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது. அப்பா ஒரு லாட்ஜ் முதலாளியின் அம்பாசிடரை ஓட்டினார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அக்கா, தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், மலைக்குக் கீழே பழனியை ஒட்டிய ஆயக்குடிப் பக்கத்து வாத்தியார் ஒருவரைச் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். வேதக்காரர் என்பதைவிட, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அப்பாவுக்கு ஆறவில்லை. ஊரையே கொண்டுபோய் விடுகிற டிரைவரின் மகள் பஸ் ஏறிப் போனாளாம். சுவரிலிருந்த அக்காவின் படத்தைக் கழற்றிவிட்டார். ஆணி மட்டும் இருந்தது. அதில் நான் ஒரு காலண்டரை மாட்டினேன். அந்தப் படம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் என் பெயருக்கு அக்காவிடமிருந்து ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. அப்பா பெயருக்குப் போட்டால் கிழித்துவிடுவார், அம்மாவுக்கு எழுத்து தெரியாது, மிச்சம் நான்தான். அம்மா கெட்டிக்காரி. அப்பா சாப்பாட்டில் கைவைக்கும் வரை காத்திருந்து, "ஏய், வந்த கடுதாசியப் படி, நானும் கேக்குறேன்" என்றாள். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்திருக்கும் பழக்கம் அப்பாவுக்கு இல்லை. ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாள். இது அவனுக்கு முதல் கிறிஸ்துமஸ். "இங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் கொய்யா மரந்தான். கொய்யாக் கொப்புல ஸ்டார் கட்டுனா நல்லாவா இருக்கும்? நம்ம மலையிலருந்து ஒரு மரம் வெட்டிக் கொண்டாந்து குடுக்கச் சொல்லி அப்பாட்டச் சொல்லு" என்று முடித்திருந்தாள். அப்பா மோரை ஊற்றிச் சாப்பிட்டார். கையைக் கழுவினார். படுத்துவிட்டார்.

மறுநாள் வண்டி துடைக்கப் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "எம்புட்டு ஒசரம் வேணும்னு எழுதியிருக்காளா?"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை, கண்ணை மட்டும் துடைத்தாள். நான் சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு, "அக்காவுக்குப் பதில் எழுதட்டுமாப்பா?" என்றேன்.

"கடுதாசி எதுக்கு? அது போறதுக்குள்ள நாமளே போயி நின்னுருவோம்ல."

இப்படித்தான் நாங்கள் வரப்போவது அக்காவுக்குத் தெரியாமலே போனது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வாய்ப்பு வந்தது. காரின் மேல் இருந்த கேரியரின் கால் உடைந்து வெல்டிங் கடைக்குப் போயிருந்தது. கேரியர் இல்லாமல் சீசன் சவாரிக்கு அனுப்ப முடியாது என்று முதலாளி வண்டியை ஒரு நாள் அப்பாவிடம் விட்டார். அம்மா ஒரு வாரமாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் கட்டினாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று எங்கள் மலையிலேயே இருக்கிற போளூரிலிருந்து சொல்லி வாங்கிய மலைப்பூண்டு ஒரு கொத்து. அம்மாவே பின்னிய வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஆண்பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண். பூண்டு வாசம் தொப்பியில் ஏறிவிடக்கூடாது என்று தொப்பியை என் மடியில் தந்துவிட்டாள்.

வெள்ளனே கிளம்பி எஸ்டேட்டுக்குப் போனோம். அங்கே வேலிக்கு வைத்த சைப்ரஸ் மரங்களில் நெருக்கமாக வளர்ந்ததைக் கழிப்பார்கள். எஸ்டேட் ரைட்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெட்டிக் கொடுத்தவரை எல்லோரும் சிலோன்காரர் என்றுதான் கூப்பிடுவோம். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், இங்கே வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மரம் என்னைவிட இரண்டு மடங்கு உயரம். வெட்டிய இடத்தில் பிசின் கசிந்து கையெல்லாம் ஒட்டியது. அந்த வாசத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எலுமிச்சைத் தோலும் கற்பூரமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட வரும்.

நல்ல குளிர். காற்று வேறு. அம்மாவையும் என்னையும் பின்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அப்பாவும் சிலோன்காரரும் மரத்தைக் கூரைமேல் தூக்கிவைத்தார்கள். அப்போது சிலோன்காரர் சொன்னார்:

"டிரைவரய்யா, அடிய முன்னுக்கு வச்சுக் கட்டுங்க. காத்து அப்புடியே தடவிக்கிட்டுப் போயிரும். நுனி முன்னுக்கு நின்டா கொப்பெல்லாம் ஒடிஞ்சிரும்."

அப்பா கயிற்றை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "கால முன்ன நீட்டிக்கிட்டுப் போறது எதுன்னு தெரியுமாண்ணே? நாலு பேரு தூக்கிட்டுப் போறது. பச்சப்பிள்ள இருக்குற வீட்டுக்கு நான் அப்பிடியா கொண்டு போவேன்? தல முன்னாலதான் போகணும்."

"மரத்துக்கு ஏதய்யா தலையும் காலும்?"

"எங்களுக்கு உண்டு."

சிலோன்காரர் கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டார். கேரியர் இல்லாததால் நார்க்கயிற்றை ஒரு ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, எங்கள் தலைக்குமேல் இழுத்து, மறு ஜன்னல் வழியாக வெளியே எடுத்து மரத்தோடு சேர்த்து இறுக்கினார்கள். பின்கதவுகளுக்கு மூன்று சுற்று, முன்கதவுகளுக்கு மூன்று சுற்று. முடிச்சைப் போட்டுவிட்டு அப்பா டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. நான்கு கதவையும் கயிறு கட்டிப்போட்டுவிட்டது. இருபது வருடம் வண்டி ஓட்டியவர்தான், ஆனால் கேரியர் இல்லாமல் ஒரு சுமையும் ஏற்றியது கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றுக்குக் கீழே தலையைக் குனிந்து ஜன்னல் வழியாகவே உள்ளே இறங்கிவிட்டார். ஒல்லியான மனுஷன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். "எறங்குறப்ப அங்க போயி அவுத்துக்கிருவோம்" என்றார். மரத்தின் அடியில், அறுத்த இடத்தில், வட்டமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் மரத்துக்கு! சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்பியது.

பெருமாள்மலையில் பழனிச் சாலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு குறையும் இல்லை. கயிறு போவதால் ஜன்னலை முழுக்க ஏற்ற முடியவில்லை. அந்த இடுக்கு வழியாகக் குளிரும் சைப்ரஸ் துணுக்குகளும் உள்ளே வந்துகொண்டே இருந்தன. அம்மாவின் கொண்டையெல்லாம் பச்சைப் பொடி. அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பிள்ள யாரு சாடையாம்?"

"அது எழுதலயே" என்றாள் அம்மா.

"நம்ம மூக்கு இருந்தாச் சரி."

இரண்டு வருடத்தில் அப்பா அக்காவைப் பற்றிக் கேட்ட இரண்டாவது கேள்வி அது. முதல் கேள்வி மரத்தின் உயரம். என் வாழ்க்கையில் நான் மிகவும் நிம்மதியாக இருந்த ஒரு மணி நேரம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். கல்யாணம், பிள்ளைகள், ஓய்வுபெற்ற நாள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சவரிக்காடு தாண்டியதும் காற்று எதிரில் வந்தது. அடிவாரத்திலிருந்து மேலே ஏறிவருகிற காற்று. நுனி முன்னால் இருந்ததால் கிளைகளுக்கு உள்ளே புகுந்து, ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடக்கியது. கூரைமேல் சடசடவென்று சத்தம். முதலில் ஒன்று ஒடிந்து பின்கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. நான் திரும்பிப் பார்த்தேன். சாலையில் பச்சையாக ஒரு கொப்பு கிடந்தது. அடுத்த வளைவில் இன்னொன்று. அப்பா வேகத்தைக் குறைத்தார். இறக்கத்தில் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் மரம் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. மரம் அசைந்து அசைந்து நார்க்கயிறு கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டிருந்தது. அம்மா தலைக்குமேல் போன கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்தேன். நாங்கள் பிடித்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் விடவில்லை. கையில் நார் ஏறியது.

கீழே பழனி தெரிகிற ஒரு கொண்டை ஊசி வளைவில் மரம் முழுசாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடிவிட்டது. வண்டிக்குள் ஒரேயடியாகப் பச்சை இருட்டு. அப்பா தலையை வெளியே நீட்டி எப்படியோ நிறுத்தினார். சாலையின் நட்டநடுவே நின்றோம். பின்னால் பழனிக்குப் போகிற பஸ் வந்து ஹாரன் அடித்தது.

அப்பா ஜன்னல் வழியாக வெளியேறினார். காலையில் சிரித்த அதே காரியம்தான், இப்போது யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கிவந்து மரத்தைத் தூக்கிக் கூரைமேல் தள்ளினார்கள். நுனி ஒடிந்து தோலில் தொங்கியது. ஒரு பக்கம் முழுக்க மொட்டை. பஸ் டிரைவர் அப்பாவைவிடச் சின்னவர், தெரிந்தவர்.

"என்னண்ணே இது, தல மாத்திக் கட்டியிருக்கீங்க? நேத்து லைசென்ஸ் வாங்குனவன்கூட இப்பிடிக் கட்ட மாட்டானேண்ணே" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸே சிரித்தது. அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அப்பா மரத்தை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு எங்கள் ஜன்னலுக்கு வந்து, "திரும்பிருவோம்" என்றார்.

"எதுக்கு? இந்தா, பழனி தெரியுது."

"இந்த மொட்டக் கட்டையவா கொண்டுபோயிக் குடுக்கச் சொல்ற? வாத்தியாரு வீட்டு முன்னால இதை எறக்குனா, அவன் வீட்டாளுக என்ன நெனப்பாங்க? டிரைவர் லட்சணம் இதுதான்னு நெனைக்க மாட்டாங்க?"

"மரம் கெடக்கு விடுங்க. நம்ம போவோம்."

"மரம் இல்லாமப் போனா, என்ன சோலிக்கு வந்தேன்னு சொல்றது?"

அம்மா மஞ்சள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "தம்பி, பஸ்ஸ நிப்பாட்டுங்க. நானும் பாப்பாவும் ஏறிக்கிறோம்" என்று கண்டக்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அப்பாவுக்கு எதிராக அம்மா ஒரு முடிவு எடுத்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. மறந்துபோயிருந்தாள். இன்னொரு முறை தோளால் இடித்தாள்.

"கயித்த அவுங்க" என்றாள்.

"அவுத்தா மரம் ரோட்டுல விழுகும். மறுபடி ஏத்திக் கட்ட ஒரு மணி நேரம் ஆகும்."

"அறுத்துவிடுங்கண்ணே, எங்கிட்டக் கத்தி இருக்கு" என்றார் கண்டக்டர்.

"கயிறு மொதலாளியோடது."

இதைச் சொன்னபோது அப்பா யாரையும் பார்க்கவில்லை. அம்மா ஜன்னல் வழியாக வெளியே வரப் பார்த்தாள். தலையும் ஒரு கையும் வந்தன. அம்மா நல்ல பருமன். கயிறு மார்பில் அழுத்தியது, சேலை கதவுக் கைப்பிடியில் மாட்டியது. பஸ் ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். ஒரு பெண்பிள்ளை கிளுக்கென்று சிரித்தாள். அம்மா அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள், பாதி உள்ளே, பாதி வெளியே. பிறகு மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தாள். நான் கம்பளித் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் யாருக்காக அழுவது என்று தெரியவில்லை.

"வெரசாச் சொல்லுங்கம்மா, லேட்டாவுது" என்றார் கண்டக்டர்.

"போங்க தம்பி" என்றாள் அம்மா.

பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அது ஆயக்குடி தாண்டிப் போகிற பஸ்தான்.

வீட்டுக்கு வரும்வரை மூன்று பேரும் கட்டிப்போட்ட வண்டிக்குள் இருந்தோம். வந்ததும் அப்பா வெளியே குதித்து, வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துவந்து, கயிற்றை ஒரே வெட்டில் வெட்டினார். முதலாளியின் கயிறு. அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இறங்கி உள்ளே போனாள்.

அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார். "இது வெளிய போகக்கூடாது. அவளுக்கு ஒரு எழுத்து போகக்கூடாது. நான் வரலன்னே நெனச்சுக்கிரட்டும். வந்து கேவலப்பட்டேன்னு தெரிய வேணாம்." அந்த வயதில் இதை நான் கோபம் என்று நினைத்தேன். இப்போது, அப்பா அன்றிருந்த வயதையெல்லாம் தாண்டி வந்த பிறகு, அது வெட்கம் என்று தெரிகிறது. கோபமாக இருந்திருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். மரம் கொல்லையில் கிடந்து காய்ந்தது. அடுப்புக்கு அம்மா அதைத் தொடவே இல்லை. பூண்டைச் சரம் போட்டு உத்திரத்தில் தொங்கவிட்டாள். அது முளைவிட்டு, சுருங்கி, வெறும் தோலாகப் போகும்வரை தொங்கியது.

பொங்கல் கழிந்து ஒரு நாள், அப்பா சவாரி போயிருந்தபோது, அம்மா ஒரு தபால் கார்டை என் கையில் தந்தாள். "பள்ளிக்கூடத்துல வச்சு எழுது. வந்தோம், பாதி வழி வந்தோம்னு மட்டும் எழுது" என்றாள். நான் அதைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தேன். முகவரியும் எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். அப்பா என் புத்தகப் பையைத் தொட்டதே கிடையாது, ஆனாலும் பயம். இரண்டு வாரம் கழித்து அம்மா கேட்டாள், "போட்டியா?"

"போட்டுட்டேன்" என்றேன்.

பத்து வயதுப் பிள்ளை பயந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்குப் பலமுறை அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயதெல்லாம் வந்தது. கார்டுக்கும் பஞ்சமில்லை. அம்மா தினமும் தபால்காரர் மணிச் சத்தத்துக்கு வாசலுக்கு வந்து நின்றாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். "அவளுக்கு மனசு கல்லாப் போச்சு" என்று ஒருநாள் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

நாலு வருடம் கழித்து அப்பா நெஞ்சுவலியில் போனார். யாரோ சொல்லி அக்காவுக்குத் தெரிந்து, எல்லாம் முடிந்து மறுநாள்தான் வந்துசேர்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பையன். அப்பாவின் மூக்கு. அம்மா பேரனை மடியில் வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அக்காவிடம் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. தாங்க முடியாமல் நான்தான் மரத்தின் கதையை ஆரம்பித்தேன்.

"அப்பா பொறப்பட்டாரா?" என்றாள் அக்கா. நம்பாமல் இன்னொரு முறை கேட்டாள். "மரத்தோடயா பொறப்பட்டாரு?"

சந்தனம் வைத்ததைச் சொன்னபோது சிரித்தாள். ஜன்னல் வழியாக இறங்கியதற்கும் சிரித்தாள். பிறகு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். "மரம் எனக்கு எதுக்குடி? எங்க வீட்டுக்காரருட்டச் சொன்னா சவுக்குக் கொப்பு ஒண்ணு வெட்டியாந்துட்டுப் போறாரு. மகளப் பாக்க வாங்கன்னா அப்பா வர மாட்டாரு. ஒரு சோலி குடுத்தா, அதச் சாக்கு வச்சு வந்துருவாருன்னு நெனச்சேன். கார் சத்தம் கேக்குறப்பல்லாம் பிள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுனேன். பொங்கல் வரைக்கும் ஓடுனேன். அப்புறம், கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டாருன்னு விட்டுட்டேன். பாதி வழி வந்தாருன்னு தெரிஞ்சிருந்தா மீதி வழி நான் வந்துருக்க மாட்டேனா? ஒரு கார்டு போட்டிருக்கலாம்ல?"

சுவரோரத்திலிருந்து அம்மா அன்றைக்கு முதல்முறையாக அக்காவிடம் வாயைத் திறந்தாள்.

"போட்டோமே. நீதான் பதிலே போடல. இவதான எழுதிப் போட்டா. கேளு இவள."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.